மிக்கேலின் ஊதா நாக்கு

நாக்கை நீட்டி, காப்பியிங் பென்சிலின் முனையை அதில் இரண்டு உருட்டு உருட்டி எடுத்து, இருபத்தாறாம் பக்கத்தின் அடியில் மிக்கேல் எழுதுகிறார்: "கொலை செய்தவன் சமையற்காரன். அந்த நேரத்தில் அவன் கையில் மட்டும்தான் விளக்கு இருந்தது. இனிமேல் போலீஸ்காரர் வந்து இதைக் கண்டுபிடிக்கும்வரை என்னால் காத்திருக்க முடியாது. எனக்கு டியூட்டி." எழுதியதை ஒரு முறை ஊதிவிட்டு, புத்தகத்தை மூடி, மேஜை மேல் சமர்த்தாக வைக்கிறார். புத்தகம் அவருடையது அல்ல, அரியலூர் வாசகசாலையுடையது. பென்சிலும் அவருடையது அல்ல, ரயில்வேயுடையது. அபிப்பிராயம் மட்டும் சொந்தச் சரக்கு.

அந்தத் துப்பறியும் நாவலின் ஆசிரியர், கொலைகாரர் டாக்டர் என்று கடைசியில் முடித்திருந்தார். முழுக்கப் படித்தவர்கள் ஸ்டேஷனுக்கே போய் மிக்கேலுக்குத் தகவல் சொன்னார்கள். மனிதர் அசரவில்லை.

"அவருக்கு அப்பறமா மனசு மாறியிருக்கும். நான் பாத்தப்ப சமையக்காரந்தான்."

அரியலூரில் பாதிப் பேர் இன்றைக்கும் சமையற்காரன் கட்சி.

மிக்கேலுக்குச் சொந்த ஊர் ஏலாக்குறிச்சி. கோயில் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது முடித்து, மாமன் ஒருவரின் சிபாரிசில் அரியலூர் ஸ்டேஷன் கூட்ஸ் ஷெட்டுக்கு வந்து சேர்ந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. பெரம்பலூர்ப் பக்கத்துப் பஞ்சுப் பொதி, ஜயங்கொண்டத்துக் கடலை மூட்டை, கொத்துமல்லிச் சாக்கு எல்லாவற்றிலும் எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது, எத்தனையில் எத்தனையாவது என்று எழுதுவது அவர் வேலை. மூட்டையின் முதுகில் எழுதத் தார்மையும் தூரிகையும். கட்டித் தொங்கவிடும் சீட்டில் எழுதக் காப்பியிங் பென்சில். அந்தப் பென்சிலுக்கு ஒரு குணம் உண்டு. எச்சில் பட்டால்தான் உயிர் வரும். உயிர் வந்துவிட்டால் ஊதா. மழையில் நனைந்தால் எழுத்து அழியாது, இன்னும் தடித்துக்கொண்டு முன்னால் வந்து நிற்கும். இருபத்திரண்டு வருஷ எச்சிலில் மிக்கேலின் நாக்கு நிரந்தரமாக நாவற்பழம் தின்ற நாக்காகிவிட்டது. ஒரு தடவை புதிதாக வந்த ரயில்வே டாக்டர் அதைப் பார்த்துவிட்டு அவரை உடனே நாற்காலியில் உட்கார வைத்தார்.

சாயங்காலம் ஐந்தேகாலுக்கு ஷெட்டைப் பூட்டினால் ஐந்தரைக்கு வாசகசாலை. அங்கே இருப்பவை இருநூற்றுப் பதினேழு புத்தகங்கள். அவற்றில் அறுபத்து நாலில் ஊதா எழுத்து ஏறியிருக்கிறது. இஷ்டப்பட்ட இடத்திலெல்லாம் கிறுக்குகிற ஆசாமி அல்ல அவர். எந்தப் பக்கத்தில் புத்தகத்தைக் கீழே வைக்கிறாரோ அந்தப் பக்கத்தில், ஒரே ஒரு தடவை எழுதுவார். அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

"மூட்டைய எங்க எறக்கறமோ அங்கதான சார் கையெழுத்து வாங்கணும்?" என்பது அவருடைய நியாயம்.

அறுபத்து நாலில் கடைசிப் பக்கம்வரை போய் இறங்கிய மூட்டைகள் ஒன்பது.

இதனால் ஊருக்கு ஒரு சௌகரியம் ஏற்பட்டது. வாசகசாலைக்கு வருகிறவர்கள் தலைப்பைப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். அலமாரியிலிருந்து புத்தகத்தை உருவுவார்கள். ஊதாவைத் தேடித் தாளைத் தள்ளுவார்கள். எட்டாம் பக்கத்தில் தென்பட்டால் புத்தகம் அலமாரிக்கே திரும்பும். நூறைத் தாண்டினால் வீட்டுக்குப் போகும். கூட்டுறவு பாங்கியில் வேலை பார்க்கும் நடராசன், பெண்டாட்டிக்கு எடுத்துப் போகும் காதல் கதைகளை மிக்கேலின் கையெழுத்து இல்லாமல் தொடுவதில்லை. ஒரு காதல் கதையில் மிக்கேல் எழுதியிருந்தது இது: "நாற்பது பக்கமாக நிலாவே காய்கிறது. சரக்கு இன்னும் ஏறவில்லை. கதாநாயகி பதினாலாம் பக்கத்திலிருந்து சாப்பிடவும் இல்லை. யாராவது கவனிக்கவும்."

கதையில் வருகிறவர்கள் வேளாவேளைக்குச் சாப்பிட வேண்டும் என்பதில் அவருக்கு ஒரு பிடிவாதம். சமூகச் சீர்திருத்த நாவல் ஒன்றை அவர் பத்தொன்பதாம் பக்கத்தில் இறக்கிவைத்த காரணமும் அதுதான்: "எல்லாரும் பேசுகிறார்கள். ஒரு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை." காசி யாத்திரைப் புத்தகம் ஒன்று மூன்றாம் பக்கத்திலேயே இறங்கிவிட்டது. "இந்த ஆசிரியர் காசிக்குப் போகவில்லை. அவர் ஏறினதாகச் சொல்லும் வண்டி அந்த ஸ்டேஷனில் நிற்காது." பக்கத்தில் கால அட்டவணையிலிருந்து ஆதாரம் வேறு.

கவிதை விஷயத்தில் அவருடைய மனக்குறை வேறு வகை. பாட்டுப் புத்தகத்தைக் கையில் கொடுத்தபோது அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"எல்லா லோடையும் இடது பக்கமே ஏத்திட்டு வலது பக்கத்தக் காலியா விட்டுட்டாங்களே சார். வண்டி சாஞ்சுராது?"

ஆனாலும் எடுத்துக்கொண்டு போனார். மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்த புத்தகத்தில், ஏழாவது பாட்டின் கீழே இரண்டே வரி: "உடையும் சாமான். மெதுவாகப் படிக்கவும்." புத்தகத்தை அங்கேயே நிறுத்திவிட்டார். பிடிக்கவில்லையா என்று கேட்டதற்கு, "அதுக்கு மேல படிச்சா அது கலைஞ்சிரும் சார்" என்றார். அந்தப் புத்தகத்தைப் புரட்டுகிறவர்கள் ஏழாவது பாட்டு வந்ததும் குரலைத் தாழ்த்துகிறார்கள் என்று வாசகசாலையில் சொல்லிக்கொள்கிறார்கள்.

கோயிலில் படம் வைத்துக் கும்பிடும் அர்ச்சிஷ்டவர் ஒருவரின் சரித்திரத்தில் அவர் எழுதியதுதான் கொஞ்சம் விவகாரமாகப் போயிற்று. "சிறு வயதில் இவர் ஒரு சேட்டையும் செய்யவில்லை என்று போட்டிருக்கிறது. நம்ப மனசு வரவில்லை. இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன்." சொன்னது உண்மைதான். பங்குச் சாமியார் அபராதமாகச் செபமாலையின் ஐம்பத்துமூன்று மணியையும் ஒரு சுற்று உருட்டிச் செபம் சொல்லச் சொல்லிவிட்டு, அந்தப் புத்தகத்தைத் தாமும் படிக்கக் கேட்டனுப்பினார்.

வீட்டில் அமலோற்பவமேரி, மிக்கேலின் மனைவி, புத்தகம் படிப்பதில்லை. அவள் புருஷனின் நாக்கைப் படிக்கிறாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காருமுன் "எங்க, காட்டுங்க" என்பாள். நுனி மட்டும் ஊதாவாக இருந்தால் ரயில்வே வேலை. பாதி நாக்குவரை ஏறியிருந்தால் யாரோ ஒரு நூலாசிரியருக்கு அன்றைக்குப் பொழுது சரியில்லை.

"யாரு பெத்த புள்ளையோ, எங்கேயோ ஒக்காந்து ராப்பகலா எழுதினது. இப்படி நாக்கு தொங்கத் தொங்க எழுதணுமா?"

"நல்லதாக்கூட எழுதியிருப்பேன்ல?"

"நல்லதுன்னா நீங்க ரெண்டு வரியோட நிறுத்திருவீங்க. எனக்குத் தெரியாதா?"

யுத்தம் வந்த பிறகு பட்டாள ஸ்பெஷல்கள் அரியலூர் வழியாகப் போக ஆரம்பித்தன. எஞ்சின் தண்ணீர் பிடிக்கும் பதினைந்து நிமிஷத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பிளாட்பாரத்தில் இறங்கிச் சோம்பல் முறிப்பார்கள். படித்து முடித்ததை ஜன்னல் வழியாக எறிவார்கள். அப்படி மிக்கேலின் காலடியில் வந்து விழுந்தது ஒரு படக்கதைப் புத்தகம். முழுக்கக் கலர். பக்கத்துக்கு ஆறு படம், ஒவ்வொரு ஆளின் வாயிலிருந்தும் கிளம்பும் ஒரு வெள்ளைப் பலூன், அதற்குள் இங்கிலீஷ். மிக்கேலுக்கு ஸ்டேஷன் பெயர்களுக்கு அப்பால் இங்கிலீஷ் கிடையாது. அது படிப்பதற்கு ஒரு தடையாகவே அவருக்குப் படவில்லை. தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து ஒரே மூச்சில் முடித்தார். முடித்துவிட்டு, கடைசிப் பக்கத்தில் எழுதினார்: "முகமூடிக்காரன் குதிரையோடு ஓடுகிற கூட்ஸ் வண்டியின் கூரைமேல் தாவுகிறான். அந்த வண்டிக்குக் கார்டு என்று ஒருவர் இருக்கிறாரா இல்லையா? மற்றபடி யாரும் தேவையில்லாமல் பேசவில்லை. குதிரை நல்ல குதிரை."

அதை வாசகசாலைக்கே கொடுத்துவிட்டார். காரியதரிசி அரங்கநாதன் ரொம்ப நேரம் யோசித்து, குதிரையை முன்னிட்டு அதைப் பிராணி சாஸ்திரத்தில் சேர்த்தார்.

வினை அங்கேதான் முளைத்தது.

கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் குருநாதன் வாசகசாலைக் கமிட்டியில் ஒருவர். தம் தகப்பனார் காலத்து வீட்டு வைத்தியப் புத்தகத்தைப் பட்டுத்துணி சுற்றி வாசகசாலைக்குத் தானம் செய்தவர். அதன் முப்பத்திரண்டாம் பக்கத்தில் ஊதா எழுத்தை அவர் கண்டார்: "இந்தப் பக்கத்துக் கஷாயத்தைக் குடித்தேன். மேற்கொண்டு படிக்க முடியவில்லை. அடிக்கடி வெளியே போக வேண்டியிருந்தது." கண்ட கையோடு, எவனோ சிப்பாய் தூக்கி எறிந்த படப்புத்தகத்துக்குக் கடைசிப் பக்க மரியாதை கிடைத்திருப்பதையும் கண்டார். கார்த்திகை மாசக் கமிட்டிக் கூட்டத்தில் குருநாதன் உட்காரவே இல்லை.

"இது புஸ்தகமா, தேர்தல் சுவரா? எங்கப்பா எத்தன பேரப் பொழைக்க வச்ச கஷாயம் தெரியுமாய்யா அது?"

"பொழச்சவங்க பெரிய மனுசங்கதாங்க, நான் இல்லேங்கல" என்றார் மிக்கேல், வாசற்படியோரம் நின்றபடி. "நான் எனக்கு நடந்தத மட்டுந்தான் எழுதினேன்."

அரங்கநாதன் சிரிப்பை அடக்கிக்கொண்டு தீர்மானம் எழுதினார். ஊரில் பெரிய வக்கீல் ஒருவரிடம் குமாஸ்தா அவர்; தீர்மானம் எழுதுவது அவருக்கு வெற்றிலை போடுவது மாதிரி. மிக்கேல் இனி எந்தப் புத்தகத்திலும் ஓர் எழுத்தும் எழுதக்கூடாது. பென்சிலை வாசகசாலையில் ஒப்படைக்க வேண்டும். எழுதிய அறுபத்து நாலையும் போகிப் பண்டிகைக்குள் அழித்துச் சுத்தமாகத் திருப்ப வேண்டும். தவறினால் ரிஜிஸ்தரிலிருந்து பெயர் நீக்கம். "போகின்னா சௌகரியம். அழியாட்டி எரிச்சிரலாம்" என்றார் குருநாதன். எதை என்று அவர் விளக்கவில்லை.

மிக்கேல் காதிலிருந்த பென்சிலை எடுத்து மேஜைமேல் வைத்தார். ரயில்வே வேலைக்கு அவர் அடுத்த நாளே வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். ஆனால் திருச்சிராப்பள்ளிக்கு இந்தப் பக்கம் அவர் மாதிரி ஆளை உள்ளே விட்டு நாற்காலி கொடுக்கும் வாசகசாலை இது ஒன்றுதான். அறுபத்து நாலு என்ற எண்ணிக்கை அன்றைக்குத்தான் அவருக்குக் கனத்தது.

முதலில் மூன்று புத்தகங்களை வீட்டுக்கு எடுத்துப் போனார். ரப்பரை வைத்துத் தேய்த்ததில் யுத்தக்காலத்துக் காகிதம் எழுத்தை விட்டுவிட்டுத் தான் மட்டும் கிழிந்தது. எலுமிச்சம் பழத்தை அறுத்துத் தேய்த்தார். எழுத்துக்கு ஒரு மணம் ஏறியது. அமலோற்பவமேரி பார்த்துக்கொண்டே இருந்தவள், "ஈரத்துணியால ஒரு ஒத்து ஒத்துங்க, போயிரும்" என்றாள். நனைந்தால் தடிக்கும் எழுத்து அது என்பது இருபத்திரண்டு வருஷமாகத் தெரிந்த மனிதர்தான். பயத்தில் அது மறந்துபோய், ஒத்தினார். ஊதா பூத்தது. வரி பூத்து, பத்தி பூத்து, அர்ச்சிஷ்டவரின் பக்கம் முழுவதும் ஒரே நிறமாகிவிட்டது.

"ஐயையோ, தபசுகாலத்துல கோயில் பீடத்துல போடற ஊதாத் துணி மாதிரி ஆயிருச்சுங்களே!" என்றாள் அமலோற்பவமேரி.

மீதி அறுபத்தொன்றை அவர் எடுக்கவே இல்லை.

எழுதாத அந்த நாற்பது நாளும் மிக்கேல் ஐந்தரைக்கு வந்தார், படித்தார், கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு படித்தார். ஷெட்டிலும் பென்சிலை நாக்கில் வைக்க மனசில்லை. சீட்டுக்கும் தார்மையிலேயே எழுதினார். நாக்கு வெளுத்துக்கொண்டே வந்தது. ரத்தச் சோகை என்று அமலோற்பவமேரி முடிவு செய்து, முருங்கைக்கீரையை ஆக்கிப் போட்டதோடு, ஏலாக்குறிச்சி அடைக்கல மாதாவுக்கு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டாள். வாசகசாலையில் புதிதாக வந்த புத்தகங்களை எடுத்துப் புரட்டிப் பார்த்தவர்கள், "இன்னும் மிக்கேலு எறக்கலியா?" என்று கேட்டுவிட்டுத் திரும்ப வைத்தார்கள். எட்டுப் புத்தகங்கள் வெள்ளையாகவே நின்றன.

அந்த எட்டில் ஒன்று அரங்கநாதன் எழுதியது.

பதினோரு வருஷம், கோர்ட்டு விடுமுறைகளில் எழுதி, காகிதப் பஞ்சத்திலும் எப்படியோ அச்சுப் போட்டுவிட்ட நாவல்: "பவளநாயகி அல்லது பறிபோன பத்திரம்." நூற்று நாற்பத்தெட்டுப் பக்கம். மார்கழி பிறந்ததும் முன் அலமாரியில், கண்ணுக்கு நேரே நிறுத்திவைத்தார். கமிட்டிக்காரர்கள் மரியாதைக்கு ஆளுக்கு ஒரு நாள் எடுத்துப் போனார்கள்.

"ஜோரா இருக்கு. அட்டை ரொம்ப ஜோர்" என்றார் குருநாதன்.

"எழுத்தெல்லாம் நல்லா பெருசு பெருசா இருக்கு சார். கண்ண உறுத்தல" என்றார் நடராசன்.

பத்திரம் பறிபோனதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. எதுவரை படித்தார்கள் என்று கேட்கக் காரியதரிசிக்கு வெட்கம். யாரும் இல்லாத நேரத்தில் அவர் அந்தப் புத்தகத்தைத் திறந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்ப்பதும், என்ன பார்க்கிறோம் என்று உறைத்ததும் மூடிவைப்பதுமாக இருந்தார். போகிக்கு ஐந்து நாள் முன்னால் மிக்கேல் அதை எடுத்துக்கொண்டு போனபோது, அரங்கநாதன் அதை ரிஜிஸ்தரில் இரண்டு தடவை பதிந்தார்.

போகியன்று சாயங்காலம் தெருவெல்லாம் பழைய பாய் எரிந்த புகை. மிக்கேல் ஒரு சிறிய சாக்குப் பையோடு வந்தார். பையின் வாயில் சீட்டுக் கட்டியிருந்தது, அதில் தார்மையில், "அரியலூர் வாசகசாலைக்கு. உருப்படி மூன்று. சேதம்." பையைக் கீழே வைத்து, மேஜைமேல் "பவளநாயகி"யை வைத்தார்.

"அழியல சார். தொட்டா இன்னும் பரவுது. மத்ததையும் கெடுக்க மனசு வரல. பேர அடிச்சிருங்க."

அரங்கநாதன் ரிஜிஸ்தரைத் திறந்தார். மிக்கேல் என்ற பெயர்மேல் விரலை வைத்தார். விரலை அங்கேயே விட்டுவிட்டு, இடது கையால் தம் புத்தகத்தை இழுத்துப் புரட்டினார். முதல் பக்கம் வெள்ளை. இருபது வெள்ளை. நாற்பது, அறுபது, நூறு. எங்கும் வெள்ளை.

"என்ன ஓய், ஒண்ணுமே எழுதலையா?"

"எழுதக்கூடாதுன்னு நீங்கதான சார் தீர்மானம் போட்டீங்க?"

"அது சரி. வாயாலயாவது சொல்லும்."

"வாயால சொன்னா எப்படி சார்? மூட்டைக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு 'இது விழுப்புரம் போவணும்'னு கத்தினா அது போய்ச் சேருமா?"

"எந்தப் பக்கத்துல வச்சீர்? அத மட்டும் சொல்லும் மிக்கேல். ஒன்பதா இருந்தாலும் பரவாயில்ல."

மிக்கேலின் கை காது மேல் போயிற்று; அங்கே ஒன்றும் இல்லாததால் இறங்கிவிட்டது.

அரங்கநாதன் ரிஜிஸ்தரை மூடினார். மேஜை டிராயரை இழுத்து, முத்திரைக்கும் பசைக் கிண்ணத்துக்கும் நடுவே நாற்பது நாளாகக் கிடந்த பென்சிலை எடுத்து, மேஜைமேல் உருட்டிவிட்டார். அது உருண்டு போய் மிக்கேலின் விரலில் முட்டி நின்றது.

"நான் பாக்கல" என்றார், முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு.

பார்க்கவில்லையே தவிர, காதைக் கொடுத்திருந்தார். ஒரு தாள் புரண்டால் எட்டாம் பக்கத்துக்குள்; பத்துப் பதினைந்து புரண்டால் இருபது, முப்பது. தெருவில் தமுக்கடித்துக்கொண்டு பிள்ளைகள் ஓடினார்கள். அந்தச் சத்தம் ஓய்ந்த பிறகும் தாள் புரளவில்லை. ஒன்றுகூடப் புரளவில்லை.

பொறுக்கமாட்டாமல் திரும்பினார்.

மிக்கேல் வெளுத்துப்போன நாக்கை நீட்டிப் பென்சிலின் முனையை இரண்டு உருட்டு உருட்டிக்கொண்டிருந்தார். உருட்டி எடுத்துவிட்டு, புத்தகத்தைக் கவிழ்த்துப் போட்டு, பின் அட்டையைத் திறந்தார்.